வண்டிக்குள் இருக்கும் மின்னேற்றி: தங்கவயல் வீடுகளுக்கு ஒரு விளக்கம்



மலர்க் குழுவினர் வழக்கம்போல் என்னிடம் கல்வெட்டு அல்லது பழைய ஏடு பற்றிய கட்டுரைதான் கேட்டார்கள். இந்த முறை மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடுவதைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் கொஞ்சம் யோசித்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாக வயர், ஸ்விட்ச், பிளக் விற்கிறவன் நான். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் கிரைண்டருக்கும் கீஸருக்கும் பிளக் கேட்பார்கள். இப்போது, "நைனாரே, பையன் கரண்ட் வண்டி வாங்கிட்டான், எந்த பிளக்கு போடறது?" என்கிறார்கள். கருகிப்போன பிளக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறவர்களும் உண்டு. கடையில் நின்றபடி இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். படித்து முடித்ததும் தயவுசெய்து உங்கள் வீட்டு பிளக்கை ஒருமுறை போய்ப் பாருங்கள். அதுவே இந்தக் கட்டுரைக்குப் போதுமான பயன்.

தங்கவயலும் மின்சாரமும்

நம் ஊருக்கு மின்சாரம் புதிதல்ல. காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், 1902 ஜூன் மாதம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக வந்து சேர்ந்தது நம் தங்கவயல் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்கம்பி வழிகளில் நம்முடையதும் ஒன்று. வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்க வந்த நம் முன்னோர் அந்த மின்சாரத்தின் பலத்தில்தான் பூமிக்குள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மின்சாரம் சுரங்கத்துக்காக வந்தது. நம் லைன் வீடுகளில் பிற்காலத்தில் போட்ட வயரிங், பெரும்பாலும் ஒன்றிரண்டு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் என்று கணக்குப் பண்ணிப் போட்டது. அந்த வயரிங்கில்தான் இன்றைக்கு வண்டியை மாட்டுகிறோம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதே 2001ஆம் ஆண்டில்தான், இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில், ரேவா என்ற சின்ன மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. பொம்மசந்திராவில் தயாரான அந்தக் கார் பிற்பாடு லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2010இல் மஹிந்திரா அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. நாம் பார்க்கப்போகிற பொருளுக்கு நம் பக்கத்து உதாரணம் அதுதான். ஏனென்றால் ரேவாவுக்குள்ளேயே அதன் சார்ஜர் இருந்தது.

'சார்ஜ்' என்றால் என்ன?

சொல்லிலிருந்து தொடங்குவது என் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். 'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல் பிற்கால லத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. 'கார்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ஆகவே நம் அறிஞர்கள் சார்ஜரை 'மின்னேற்றி' என்று தமிழாக்கியது தற்செயலாகவோ தெரிந்தேயோ மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. மூட்டை ஏற்றுகிற வியாபாரிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாரம் ஏற்றும்போது மூன்றைப் பார்ப்போம்: ஏற்றுகிற ஆள், வந்து சேருகிற வழி, தாங்குகிற வண்டி. இந்த மூன்றில் எது பலவீனமோ அங்கேதான் முறியும். மின்சாரத்திலும் அப்படியே. மின்னேற்றி, வீட்டு வயரிங், பேட்டரி என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

வண்டிக்குள் என்ன நடக்கிறது?

சுவரில் வருவது ஏ.சி. மின்சாரம். 230 வோல்ட், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் போகிற டி.சி. இந்த மாற்றத்தைச் செய்கிற பெட்டிதான் மின்னேற்றி. அது வண்டியோடு பொருத்தப்பட்டு வந்தால் 'ஆன்போர்டு சார்ஜர்' என்கிறோம். மின்சாரக் கார்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஸ்கூட்டர்களில் சிலவற்றில் வண்டிக்குள்ளேயே இருக்கும். சிலவற்றுக்குத் தனிப்பெட்டியாகக் கையில் கொடுப்பார்கள். நெடுஞ்சாலையில் இருக்கிற வேக சார்ஜ் நிலையம் வேறு. அங்கே டி.சி.யாகவே மாற்றி நேரே பேட்டரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் மின்னேற்றிக்கு அங்கே வேலை இல்லை.

மின்னேற்றி முதலில் அலைகிற மின்சாரத்தை நேராக்குகிறது. பிறகு அதை அதிவேகமாக வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்புகிறது. சுவர் பக்கத்து மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் பிரிப்பது அதுதான். மறுபடியும் நேராக்கி, பேட்டரி கேட்கிற வோல்ட்டில், கேட்கிற அளவில் கொடுக்கிறது. இந்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு போல வெப்பமாக வீணாகிறது. 3.3 கிலோவாட் மின்னேற்றி என்றால் சுமார் 300 வாட் வெப்பம். அதனால்தான் சார்ஜ் ஏறும்போது ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கெடுதல் அல்ல. வண்டி மேல் கோணி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுச் சார்ஜ் போடுவதுதான் கெடுதல். வெயிலுக்குப் போர்த்தியதை சார்ஜ் போடும்போது எடுத்துவிட வேண்டும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம். சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும், வண்டிக்குள் இருக்கும் மின்னேற்றியின் அளவுக்கு மேல் ஏ.சி. சார்ஜ் ஏறாது. 3.3 கிலோவாட் மின்னேற்றி உள்ள காருக்கு 7 கிலோவாட் பெட்டி வைத்தாலும் ஏறுவது 3.3 தான். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப, இழப்பையும் சேர்த்து, சுமார் பத்து மணி நேரம் பிடிக்கும்.

சுவர்ப் பக்கம்: பிளக்கும் வயரும்

இந்தப் பத்து மணி நேரம் என்பதைத்தான் நம் ஜனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. "கீஸர் ஓடுதே, வண்டி ஓடாதா?" என்று கேட்கிறார்கள். கீஸர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். அயர்ன் பாக்ஸ் அடிக்கடி தானே அணைந்து எரியும். வண்டி மட்டும் ராத்திரி முழுக்க ஒரே சீராக இழுக்கிறது. பிளக்குக்கு ஆறிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 950 வாட் சார்ஜர் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். 3.3 கிலோவாட் மின்னேற்றி சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கிற பித்தளை தளர்ந்து, அந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் மட்டும் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது. 4 ஆம்பியருக்கு ஒன்றரை வாட் சொச்சம், அது ஒன்றுமில்லை. 14 ஆம்பியருக்கு சுமார் 20 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதற்குச் சற்றே குறைந்த ஒரு சூட்டை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் ராத்திரி முழுக்க வைத்தால் என்ன ஆகும்? கடைக்கு வருகிற கருகிய பிளக்குகளின் ரகசியம் இவ்வளவுதான். மின்சாரம் மூன்றரை மடங்கு கூடினால் வெப்பம் பன்னிரண்டு மடங்கு கூடுகிறது.

ஆகவே சில விதிகள்:

1. கார் என்றால் 16 ஆம்பியர் சாக்கெட், அதாவது நம் பேச்சில் பவர் பிளக். அது வண்டிக்கு மட்டுமே என்று தனியாக இருக்கட்டும். சின்னப் பின்னும் பெரிய பின்னும் இரண்டும் நுழைகிற சாக்கெட் சீக்கிரம் தளர்ந்துவிடும். வண்டிக்கு அது வேண்டாம்.

2. மீட்டர் போர்டிலிருந்து அந்த சாக்கெட்டுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். தாமிர வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்.க்குக் குறையக் கூடாது. தூரம் அதிகம் என்றால், காருக்கு என்றால் 4 ஸ்கொயர் எம்.எம். நல்லது. மரப்பட்டை மேல் ஓடுகிற பழைய அலுமினிய வயரில் வண்டியை மாட்டவே கூடாது.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக், பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்கிற கன்வர்ஷன் பிளக் எதுவும் கூடாது. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் இன்னும் மோசம். சுருளுக்குள் வெப்பம் தங்கிவிடும்.

4. பெஸ்காம் பில்லில் உங்கள் சாங்ஷன் லோடு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோவாட் வாங்கிவிட்டு மூன்று கிலோவாட் இழுப்பது முறையல்ல. லோடைக் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது.

5. புதிதாக மாட்டிய முதல் நாள், சார்ஜ் போட்டு அரை மணி கழித்து பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு, கருகின வாசனை, நிறம் மாறினது என்றால் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதன் பிறகும் மாதம் ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும்.

எர்த்: இந்தக் கட்டுரையின் உயிர்நாடி

கடையில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது.

"நைனாரே, சார்ஜ் போட்டுட்டு வண்டியத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது. வண்டி கோளாறா?"

"எர்த் இருக்குதாப்பா?"

"மூணு ஓட்டை பிளக்குதான்."

"ஓட்டை மூணு இருக்கும். மூணாவது ஓட்டைக்கு வயர் வந்திருக்குதா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. விஷயம் என்னவென்றால், மின்னேற்றிக்குள் மின் இரைச்சலை வடிகட்டுகிற சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை வழியாக மிகச் சிறிய கசிவு வண்டியின் உலோக உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் வண்டி உடம்பு பாதி மெயின் வோல்ட்டில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மின்சாரம் கொஞ்சம் என்பதால் சுர்ரென்று மட்டும் அடிக்கிறது. அந்தச் சுர்ரை ஓர் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு மின்னேற்றிக்குள் ஒரு கம்பி அறுந்து உடம்பில் பட்டால், சுர்ரோடு நிற்காது.

எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக, தடியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுழையும்போது முதலில் தொட வேண்டும், எடுக்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. அந்தப் பின்னை வெட்டி எறிகிறவன் வீட்டுக் காவலை வெட்டி எறிகிறான்.

இதைவிடப் பயங்கரமான ஒரு பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. கார்களோடு வருகிற சார்ஜ் கேபிளின் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அது எர்த் இருக்கிறதா என்று முதலில் சோதிக்கிறது. இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து, சார்ஜ் ஏறாது. உடனே யாரோ ஒருவர் வந்து, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார். பெட்டி ஏமாந்துபோய்ப் பச்சை விளக்குக் காட்டுகிறது. வீட்டுக்காரரும், கில்லாடி எலக்ட்ரீஷியன் என்று பாராட்டிப் பணம் கொடுக்கிறார்.

இதில் உள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் காற்றிலோ மழையிலோ, கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் கம்பி விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எரிகிற விளக்கு, ஓடுகிற ஃபேன் வழியாக வந்த 230 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும். அந்தத் துண்டு வயர் வழியாக அது நேரே கார் உடம்புக்கு வந்து காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கிற குழந்தைதான் அதற்கு எர்த். எந்த ஃபியூஸும் போகாது. ஆகவே பெட்டி சார்ஜ் ஏற்ற மறுத்தால் அதைத் திட்டாதீர்கள். அது உங்கள் வீட்டு எர்த்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறது.

எர்த் குழியை முறைப்படி எடுத்து, உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். நம் கோலார் ஜில்லா பாறையும் வறண்ட மண்ணும். குழி ஒருமுறை போட்டால் போதும் என்று விட்டுவிட்டால் இரண்டு கோடையில் அது செத்துவிடும். முன்னே இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றிவைப்பார்கள். இப்போது குழாய் பி.வி.சி.; அதில் சுற்றின கம்பி வெறும் அலங்காரம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பாருங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி.

எம்.சி.பி. போதுமா?

போதாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது, மனிதனை அல்ல. நம் நெஞ்சுக்கு ஆபத்து தொடங்குவது சுமார் 30 மில்லி ஆம்பியரில். எம்.சி.பி.யின் 16 ஆம்பியர் அதைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல். மனிதனைக் காக்கிற சாதனம் ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது வியாபாரி கல்லாவைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். வண்டி சாக்கெட்டுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போடுங்கள். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மின்னேற்றியில் இன்னொரு நுட்பம் உண்டு. உள்ளே டி.சி. இருப்பதால், பழுது ஏற்பட்டால் டி.சி.யும் கசியலாம். டி.சி. கசிந்தால் சாதாரண ஆர்.சி.சி.பி.க்குக் கண் மறைந்துவிடும். ஆகவே காருக்கு வாங்கும்போது ஏ வகையாவது கேளுங்கள். கேபிள் பெட்டியிலோ சுவர்ப் பெட்டியிலோ 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பி வகை வேண்டும், விலை கூடுதல்தான்.

கேபிள் பெட்டி பேசும் மொழி

கார்க் கேபிள் வெறும் வயர் அல்ல. பெட்டிக்கும் வண்டிக்கும் இடையே 12 வோல்ட்டில் ஒரு சமிக்ஞை ஓடுகிறது. வண்டி மாட்டப்படாதபோது 12 வோல்ட். மாட்டியதும் வண்டி அதை 9 ஆக இறக்குகிறது. "ஏற்றலாம்" என்று வண்டி சம்மதித்ததும் 6 ஆகிறது. அதன் பிறகுதான் பெட்டிக்குள் ரிலே மூடி 230 வோல்ட் வண்டிக்குப் போகிறது. எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதையும் பெட்டி அதே சமிக்ஞையில் சொல்லிவிடுகிறது. துப்பாக்கி போன்ற அந்தக் கைப்பிடியை உருவினால் மின்சாரம் முன்கூட்டியே நின்றுவிடுவதும் இதனால்தான்.

3 வோல்ட் என்று ஒரு நிலையும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருள், "காற்றோட்டம் இருந்தால் மட்டும் ஏற்று". இன்றைய கார்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அது எதற்கு என்று பார்த்தால் நாம் ரேவாவுக்குத் திரும்பிப் போகிறோம்.

ஈயமும் லித்தியமும்

ரேவாவில் எட்டு ஈய பேட்டரிகள், ஒவ்வொன்றும் 6 வோல்ட், ஆக 48 வோல்ட். 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டி எட்டு மணி நேரம் போட்டால் நிரம்பும். ஈய பேட்டரி நிரம்புகிற கட்டத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறியில் வெடிக்கும். ஆகவே மூடின அறையில் சார்ஜ் போடக்கூடாது. டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பீடி, ஊதுவத்தி கூடாது. நம் ஊரில் ஈய பேட்டரியில் ஓடுகிற மின் ஆட்டோக்களுக்கு இது இன்றைக்கும் பொருந்தும்.

லித்தியம் வாயு விடாது. ஆனால் அதற்குப் பொறுமை கிடையாது. சாதாரணமாகப் பயன்படும் ஒரு வகை லித்தியம் செல் 4.2 வோல்ட்டோடு நிறுத்தப்பட வேண்டும். அதைக் கண்காணிக்க பி.எம்.எஸ். என்ற காவல்காரன் பேட்டரிக்குள் இருக்கிறான். அவனும் மின்னேற்றியும் ஒத்துப் பேசித்தான் வேலை நடக்கிறது. இங்கேதான் சிக்கனம் பார்க்கிறவர்கள் சிக்குகிறார்கள். 48 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று ஈய பேட்டரியின் சார்ஜரை லித்தியம் வண்டியில் மாட்டுகிறார்கள். ஈயச் சார்ஜர் 57.6 வோல்ட் வரை ஏற்றும். 13 செல் லித்தியம் அடுக்கு தாங்குவது 54.6 வோல்ட். ஒவ்வொரு செல்லுக்கும் 4.4 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். காவல்காரனும் பழுதாகியிருந்தால் தீதான். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு என்பது வியாபாரிக்குத் தெரியாதா! வண்டிக்குள்ளேயே மின்னேற்றி இருப்பதில் பெரிய லாபம் இதுதான்: அந்தப் பேட்டரிக்கென்றே செய்தது அது, மாற்றிப் போட வழியில்லை. அதைப் பிரித்து வெளியாள் வேலை செய்ய விடாதீர்கள்.

வேலூரும் நம் வாசலும்

2022 மார்ச் மாதம், நம் ஜனங்களில் பாதிப்பேருக்குச் சொந்த ஊர்ப் பக்கமான வேலூரில், சின்ன அல்லாபுரத்தில், இரவு வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியது. தகப்பனும் பள்ளிக்கூடம் போகிற மகளும் இறந்துபோனார்கள். நெருப்பு அவர்களை அண்டவில்லை. புகையில் மூச்சுத் திணறிப் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே மின் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி என்றிருந்த கட்டடத்தில் தீ. புகை மேலே ஏறி 8 பேர் இறந்தார்கள்.

அந்த ஆண்டு நடந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற விதியை இறுக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் அமலுக்கு வந்தன. சார்ஜர் குறித்த வோல்ட்டில் தானே நிற்க வேண்டும், எர்த் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பன அதில் உண்டு. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள், அது எந்த மாதத்தில் தயாரானது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் எந்த விதியும் நம் வீட்டு வாசலை அகலமாக்காது. தங்கவயலில் லைன் வீடு எப்படி? ஒன்றோடொன்று ஒட்டின சுவர், ஒரு வாசல், அதற்குள் ஒன்றிரண்டு அறை. வண்டியைத் திருட்டுப் போகாமல் இருக்க ராத்திரி நடையிலே ஏற்றி, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அங்கேயே சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே படுக்கிறோம். தீப்பற்றினால் அது வாசலில் பற்றுகிறது. உள்ளே இருக்கிறவர்களுக்கு வேறு வழி கிடையாது.

சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள். வெளியேற இரண்டு வழி இல்லாத இடத்தில் ஆளை இறக்கக் கூடாது என்பது சுரங்க விதி. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃபில் காத்த அந்த விதியை, தரைமேல் இருக்கும் வீட்டில் நாம் மறக்கலாமா?

ஆகவே சார்ஜ் போடும் இடம், வெளியே போகிற வழிக்குக் குறுக்கே இருக்கக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே கூடாது. காஸ் சிலிண்டர், துணி மூட்டை பக்கத்தில் கூடாது. வீட்டுக்கு வெளியே, மேலே ஒரு தகரக் கூரை, மழை அடிக்காத மூடி உள்ள சாக்கெட், பூட்டுவதற்கு ஒரு இரும்பு வளையம். இவ்வளவு போதும். வண்டியிலேயே மின்னேற்றி இருப்பதால், கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டிய பொருளே இல்லை. வெளியே வயர் வந்தால் போதும்.

அன்றாடப் பழக்கம்

ஓட்டி வந்ததும் மாட்டாதீர்கள். அரை மணி ஆறட்டும். முதலில் ஸ்விட்சை அணைத்த நிலையில் பிளக்கை நுழைத்து, வண்டியில் மாட்டி, பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். எடுக்கும்போது முதலில் ஸ்விட்சை அணையுங்கள். சாப்பிட்டு முடித்துத் தூங்குகிறவரையில் ஏறினால் நல்லது. விழித்திருக்கிறவர்களுக்கு வாசனை தெரியும். மாரிகுப்பம் வண்டியைப் பிடிக்க விடியற்காலம் எழுகிறவர்கள், எழுந்ததும் போட்டுக் கிளம்பும்போது எடுக்கலாம். ஸ்கூட்டருக்குத் தினமும் முழுசாக ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளத்தில் முழுகின வண்டியையோ, விழுந்து அடிபட்ட வண்டியையோ சர்வீஸ் சென்டரில் காட்டாமல் சார்ஜ் போடவே கூடாது.

மீறித் தீப்பற்றினால்: முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். கைக்கு எட்டினால் மெயினை அணையுங்கள். எரிகிற வண்டியிடம் போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அந்தப் புகை விஷம், குனிந்தபடி வெளியே வாருங்கள். 101 அல்லது 112க்குப் போன் செய்து, மின்சார வண்டி என்று சொல்லுங்கள். லித்தியம் தீ அணைந்தது போல இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும். ஆகவே அந்த வண்டியை வீட்டைவிட்டு எட்ட, திறந்த வெளியில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள்

இதற்கெல்லாம் தனி லைன், எர்த் குழி, ஆர்.சி.சி.பி. என்று செலவு ஆகும். லைன் வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்துகொள்வது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். சுரங்கம் ஓடிய காலத்தில் யாரும் தலைவிளக்கை வீட்டில் சார்ஜ் போட்டதில்லை. ஷிப்டு முடிந்ததும் விளக்கு அறையில் கொடுத்துவிட்டு வருவார்கள். அங்கே பொறுப்பான ஆள் பார்த்துக்கொள்வார். அதே ஏற்பாட்டை இப்போதும் செய்யலாமே? ஒவ்வொரு லைன் முனையிலும் நான்கைந்து குடும்பம் சேர்ந்து, ஒரு தகரக் கொட்டகை, ஒரு நல்ல எர்த் குழி, ஆளுக்கு ஒரு சாக்கெட், ஒரு சப் மீட்டர் போட்டுக்கொள்ளலாம். நம் சங்கம் இதை ஒரே ஒரு லைனில் செய்து காட்ட முன்வந்தால், அதற்கு வேண்டிய வயரையும் ஸ்விட்சையும் அசல் விலைக்குத் தர நான் தயார். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.